முயல் பெட்டிக்கு முன்னால் டியூட்டி

கீழ் வீட்டில் முயல் குட்டி போட்டிருக்கிறது. போர்ட் பிளேர் ஷாதிபூரில் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிற வீடுகள்தான் எங்களுடையவை. ஆனாலும் செய்தி எனக்கு என் போன் வழியாகத்தான் வந்தது. கீழ் வீட்டு நிஷா பெட்டிக்கு மேலே ஒரு கேமராவை மாட்டி, அதற்குத் துணையாகக் கல்யாண மண்டபத்துக்குப் போதுமான ஒரு விளக்கையும் மாட்டி, குட்டிகளை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். பார்க்கிறவர்கள் இதயம் இதயமாக அனுப்புகிறார்கள். பசித்த குட்டி இதயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யும் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அக்கம்பக்கத்து மரியாதைக்காக இறங்கிப் போனேன். "அம்மா பாலே குடுக்க மாட்டேங்குது அங்கிள். காலைலேருந்து கண்ண எடுக்காம பாக்குறோம்" என்றாள் நிஷா. அவள் கணவன், லைவில் யாரோ ஒரு மகான் சொன்னார் என்று பால் பவுடர் டின்னைத் திறந்தான். குப்பென்று அந்த வாசனை வந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் தகரம். நான் ஷாதிபூரில் இல்லை, மாயாபந்தர் குவார்ட்டர்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.

வடக்கு அந்தமானின் மாயாபந்தரில் நான் குமாஸ்தாவாக இருந்த நாளில் பால் என்றால் டின்தான். கடல் கொந்தளித்தால் போர்ட் பிளேரிலிருந்து கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, கடிதம் இல்லை. டின் மட்டும் அலமாரியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். டீக்கும் அதுதான், பாயசத்துக்கும் அதுதான், காய்ச்சல்காரனுக்கும் கைக்குழந்தைக்கும் அதுதான். மெயின்லேண்டிலிருந்து வந்தது எதுவும் கெடுதல் செய்யாது என்பது எங்கள் குவார்ட்டர்ஸின் மதம். நானும் அதில் பக்தன்தான்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போகிறவர்கள் வளர்த்த பிராணியைக் கப்பலில் கூட்டிப்போகும் பாட்டுக்குப் பயந்து, அடுத்து வருகிறவன் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். நாயும் கோழியும் அப்படித்தான் ஒவ்வொரு வீட்டிலும் நிரந்தர ஊழியர்களாக இருந்தன. நாங்கள்தான் மாறிக்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் இருந்த ஸ்டோர் கீப்பர் விட்டுப்போனவை ஆடுகிற கட்டில், புகைகிற ஸ்டவ், ராஜா என்கிற முயல். "ஆம்பளை முயல் சார், ஒரு தொந்தரவும் கிடையாது" என்று சாவியோடு சொல்லிக் கொடுத்தார். பின்வீட்டு முயல்களோடு ராஜா நாள் முழுக்க மேய்ந்துகொண்டிருந்ததை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதிது. விஜயா கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய நாள் முதல் மழை. தெருவில் இந்தி, எதிர்வீட்டில் வங்காளி. நான் ஆபீஸுக்குப் போனபின் அவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்க இருந்த ஒரே ஆள் ராஜா. ஊரிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியிலிருந்து அவள் ஒரு புடவையைக்கூட எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. வேண்டியதை உருவிக்கொண்டு மறுபடி மூடிவிடுவாள். அந்த மூடி சாத்தப்படும் சத்தம் கேட்கும்போதெல்லாம், ஊருக்குக் கிளம்பிவிட்டாளோ என்று எட்டிப் பார்ப்பேன்.

ஒருநாள் ராஜா தன் நெஞ்சு முடியைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா வந்து குனிந்து பார்த்தார். திருநெல்வேலிக்காரர், சந்தேகம் என்பதையே அறியாதவர். "ஏட்டி விஜயா, இது சொறில்லா. வேப்பெண்ணெய நல்லா தேய்ச்சு விடு" என்றார். தேய்த்தோம். மறுநாள் காலையில் அந்தச் சொறி ஐந்து குட்டி போட்டிருந்தது. பின்பக்கத்து ஷெட்டில் அதன் பெட்டிக்குள், பிடுங்கிய முடியெல்லாம் மெத்தையாகி, நடுவே கண் திறக்காத ஐந்து ரோஸ் நிறப் பிறவிகள். விஜயா முதல்தடவையாக அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா? அரசாங்க ஊழியர்கள் நாலு பேர் ஓர் இடத்தில் கூடினால் அங்கே ஒரு ஷிப்ட் உண்டாகிவிடும். எதிர்வீட்டு பிஸ்வாஸ் பாபு எங்கள் தலைமை குமாஸ்தா. தாய் பால் கொடுக்கிறதா என்று கண்காணிக்க அவர் டியூட்டி பிரித்துவிட்டார். காலையில் ஒருவர், மத்தியானம் ஒருவர், ஆபீஸ் விட்டதும் ராத்திரி முழுக்க நான். டியூட்டி இல்லாதவர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ராஜாவோ, இனி ராணி என்று சொல்ல வேண்டும், ஷெட்டின் கடைசி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு டியூட்டி முடிவிலும், பால் கொடுக்கவில்லை என்று நில் ரிப்போர்ட். நானும் டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்து, ஆபீஸில் காட்டாத சிரத்தையோடு நில் ரிப்போர்ட் கொடுத்தேன்.

இப்படி ஒரு பகலும் இன்னொரு பகலும் போயின. குட்டிகளின் தோல் சுருங்கிவிட்டது. வயிறு ஒட்டி, தொட்டால் நெளிந்துகொண்டே இருந்தன. "மனுச வாடை பட்டுட்டுல்லா, இனி தாய் சேக்காது" என்று தீர்ப்பு எழுதினார் கோமதி அக்கா. "மா தூத் நஹீ தேதா, பச்சா லோக் மர் ஜாயேகா" என்று, தாய் பால் தராது, குட்டிகள் சாகும் என்பதைத் தன் வங்காளி இந்தியில் சொல்லி, பிஸ்வாஸ் பாபு சாவு நாளும் குறித்தார். கால்நடை டாக்டர் போர்ட் பிளேர் போன இடத்தில் கடல் சரியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். கேட்க ஆள் இல்லையென்றால் எங்களுக்கு டின் இருந்தது. பிஸ்வாஸ் பாபு பவுடரைக் கரைத்து, பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரில் உறிஞ்சி, இருப்பதிலேயே சின்னக் குட்டியின் வாயில் சொட்டினார். பால் மூக்கு வழியாக வெளியே வந்தது. "பீ ரஹா ஹை, குடிக்குது, குடிக்குது" என்று அவர் சந்தோஷப்பட்டார். கொஞ்ச நேரத்தில் அது செத்துப்போனது.

விஜயா குனிந்தாள். மெத்தையை விட்டு ஊர்ந்து போய் ஜில்லிட்டுக் கிடந்த இன்னொரு குட்டியை எடுத்து, முந்தானைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டாள். "இதுக்கு இனிமே யாரும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "இதுங்க பொழைக்கலேன்னா நான் வர்ற கப்பல்லயே ஊருக்குப் போறேன். இந்த எடத்துல எதுவும் பொழைக்காது."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் பெட்டிதான் ஏற்கெனவே தயாராக இருந்ததே.

மறுநாள் காலை கப்பல் துறைப் பக்கத்திலிருந்து சங்கு ஊதியது. கப்பல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தத்தின் அதிகாரத்தை எப்படிச் சொல்வேன்? உலையில் அரிசி போட்டவர்கள் ஸ்டவ்வை அணைத்துவிட்டு ஓடினார்கள். பாதி முகம் சவரம் செய்தவர் அப்படியே ஓடினார். மத்தியான டியூட்டியை முன்கூட்டியே ரத்து செய்துவிட்டு பிஸ்வாஸ் பாபு சாக்குப்பையோடு ஓடினார். கோமதி அக்கா கதவைக்கூடச் சாத்தவில்லை. விஜயா, சூடேறி நன்றாகிவிட்ட குட்டியை மெத்தையில் மற்றவற்றோடு சேர்த்துவிட்டு, செருப்பை மாட்டினாள். டிக்கெட் கேட்கத்தான் போகிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது.

நான் வெங்காய வரிசையில் நின்றுகொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. ஜன்னலுக்குள் இருக்க வேண்டியவர் எனக்கு முன்னால் வெங்காய வரிசையில் நின்றிருந்தார். அந்த மனிதருடைய வெங்காய ஆசைக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். விஜயா காத்திருந்து அலுத்துப்போய், என்னோடு திரும்பி வந்தாள்.

குவார்ட்டர்ஸில் ஈ, காக்கை இல்லை. ராணி ஷெட்டுக்கு வெளியே, ஒன்றும் நடக்காததுபோல் புல் தின்றுகொண்டிருந்தது. விஜயா முயல் பெட்டிக்குள் கையை விட்டாள். நான்கு குட்டிகள். நான்கின் வயிறும் பந்துபோல் உருண்டு, தோல் விரிந்து பளபளத்தது. வெதுவெதுப்பாக, சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன. "குடுத்திருக்குங்க. நாம போனதும் குடுத்திருக்கு" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அவ்வளவுதான் விஷயம். முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, யாரும் பார்க்காத நேரத்தில் சில நிமிஷம் பால் கொடுக்கும். குட்டிக்கு அது போதும். வயிறு உருண்டு, உடம்பு சூடாக, சும்மா கிடந்தால் சுகம். சுருங்கி, ஜில்லிட்டு, ஓயாமல் நெளிந்தால் ஆபத்து. அப்போதும் முதலில் சூடு, பிறகுதான் மற்றது. இதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை குவார்ட்டர்ஸில் எவருக்கும் இல்லை. தான் ஊற்றிய பாலின் பலம் என்றார் பிஸ்வாஸ் பாபு. யாருக்கு ஊற்றினாரோ அது தென்னை மரத்தடியில் புதைந்து கிடந்தது. வேப்பெண்ணெய்தான் காப்பாற்றியது என்றார் கோமதி அக்கா.

குட்டிகள் கண் திறந்து, பெட்டியை விட்டுத் துள்ள ஆரம்பித்தபோது பெரிய இடம் தேவைப்பட்டது. ஒரு மாலை நான் ஆபீஸிலிருந்து வந்தால், டிரங்குப் பெட்டி மூடி கழற்றப்பட்டு, உள்ளே காய்ந்த புல்லும் நான்கு குட்டிகளுமாக நடுக்கூடத்தில் இருந்தது. புடவைகள் அலமாரியில் அடுக்கப்பட்டிருந்தன. வெங்காயம் போட்டு சாம்பார் வைக்கச் சொன்னேன்.

இதையெல்லாம் சுருக்கி நிஷாவிடம் சொன்னேன். விளக்கை அணையுங்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றேன். "ஆனா நெட்ல அப்படி இல்லையே அங்கிள்" என்றாள். என்னைத் தேடி இறங்கி வந்திருந்த விஜயாவுக்கு என்னைவிடச் சாமர்த்தியம் அதிகம். காபிக்குப் பால் பவுடர் இல்லை என்று டின்னை வாங்கி இடுக்கிக்கொண்டு, இருவரையும் மாடிக்குச் சாப்பிட வரச் சொன்னாள்.

வந்தார்கள். மீன் குழம்புக் கிண்ணத்தின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள். திரையில் பெட்டி, விளக்கு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிற ஒரு முதுகு. நிஷா ஒரு பட்டனை அழுத்தி, "ஜா பேட்டா, பாப்பாங்களுக்குப் பால் குடு" என்றாள். கீழே கேமரா அவள் குரலில் பேச, முயல் துள்ளி விழுந்ததைத் திரையில் பார்த்தோம். விஜயா போனைக் கவிழ்த்து வைத்தாள். நிஷாவின் கணவன் உடனே நிமிர்த்தி வைத்தான்.

அப்போது துறைமுகத்தில் சென்னைக் கப்பல் சங்கு ஊதியது. விஜயாவும் நானும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தோம். அவர்கள் இருவருக்கும் அது காதில் விழவே இல்லை.