ராடார் போட்ட கோடு

பீளமேட்டு பேக்கரியில் ஜூஸ் மிக்ஸி ஓடியதும், சுவரில் இருந்த பழைய டிவியில் கோடு கோடாக விழுந்தது. எனக்கு மதுக்கரை ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குப் பின்னாலிருந்த குன்றின்மேல் ராணுவ ராடார் சுற்றிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. ஞாயிறு சாயங்காலம் டிவியில் போடும் சினிமாவில் கோடு விழுந்தால் தெருவே எங்கள் வாசலுக்கு வந்துவிடும்.

"ஏனுங்க, உங்க ராடாரைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க!"

"சொல்றனுங்க" என்பார் அப்பா.

ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "மரகதத்தோட மாவு மில் மோட்டார்தான் கோடு போடுது. தெரிஞ்சா ஓட்ட உடமாட்டாங்க. புருசன் இல்லாதவ, ரெண்டு புள்ளைகளை வெச்சுட்டு என்ன பண்ணுவா? பழி ராடார் மேலயே இருக்கட்டும்."

பிறகு ராடார் நிலையத்தை மூடிவிட்டார்கள். ராடாரைக் கழற்றி லாரியில் ஏற்றிப் போனதை எல்லோரும் நின்று பார்த்தோம். அந்த ஞாயிறும் கோடு விழுந்தது.

"ராடாரே இல்லீங்களே, இன்னும் எப்படிங்க?" என்று வாசலில் கூட்டம். மரகதக்காவின் மில் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூடிப்போட்டாலும் அதோட அலை கொஞ்ச வருசத்துக்குக் காத்துல சுத்துமுங்க."

வேலையைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காத அப்பா, ஊருக்குச் சொன்ன ஒரே ராணுவ ரகசியம் அதுதான்.