துணிக் கிளிப் கண்டுபிடித்தவரின் பிறந்தநாள்

பத்திரிகையில் ‘வரலாற்றில் இன்று’ பத்தியைத் தொகுப்பவரை அலுவலகத்தில் எல்லோரும் ‘தேதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருட வேலை. அதை வேலை என்று சொல்வதே வெட்கக்கேடு. போன வருடம் அதே தேதியில் வந்த பத்தியை வெட்டி வெள்ளைத்தாளில் ஒட்டுவார், நூறாவது ஆண்டை நூற்றொன்றாவது ஆக்குவார், அச்சுக்கு அனுப்புவார். ராஜா பிறந்தார், கப்பல் மூழ்கியது, பாலம் திறந்தார்கள். எவன் படித்தான், எவன் கேட்டான்? விரலில் பசை நாற்றம் போகவே போகாது. மனைவி அவர் தட்டில் மட்டும் கரண்டி போட்டு வைப்பாள்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் பத்தியில் மூன்று வரி குறைந்தது. தலைவலி வேறு. துணி உலர்த்தும் கிளிப்பைக் கண்டுபிடித்தவர் என்று ஓர் ஆளைத் தன் மண்டையிலிருந்தே பிறக்கவைத்து இடத்தை அடைத்தார். அடுத்த வருடம் ஒட்டும்போது அந்த ஆள் ஒரு வயது கூடி வந்து நின்றான். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டார். மற்றப் பத்திரிகைகள் காப்பியடித்தன. வினாடி வினாப் புத்தகத்தில் ஏறினான், பிறகு பள்ளிப் பாடத்திலும். பார்க்கும்போதெல்லாம் தேதி பக்கத்தைத் திருப்பிவிடுவார். வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. நாளை அந்தப் பிறந்தநாள். பொய்யைத் தன் கையாலேயே எடுத்துப்போட இதை விட்டால் வேறு நாள் இல்லை. நாலு வரியில் திருத்தம் எழுதிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

அங்கே கஞ்சி போட்ட சட்டையில் ஒருவர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் மீசைக்காரர் ஒருவரின் பழைய படம்.

“கிளிப் கண்டுபிடிச்சவரோட கொள்ளுப்பேரனாம் இவர்,” என்றார் ஆசிரியர். “நாளைக்குப் படத்தோட போடறோம்.”

“அப்படி ஒரு ஆளே கிடையாது சார். இடம் ரொப்ப நான்தான் எழுதினேன்.”

கொள்ளுப்பேரன் கோபப்படவே இல்லை. “எங்க கொள்ளுத்தாத்தாவை எங்களுக்குத் தெரியாதாங்க? நீங்க எழுதினதுக்கு அப்புறந்தான் வீட்ல எல்லாருக்கும் ஞாபகமே வந்துது.”

ஆசிரியர் திருத்தத்தைப் படித்துவிட்டு அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார். “போற நேரத்துல எதுக்குய்யா வம்பு? பாடப்புத்தகத்துலயே வந்தாச்சு. பொய் சொன்னோம்னு நாமளே அச்சடிக்கணுமா?”

சீ என்று இருந்தது. அந்த இரண்டு முகத்தையும் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ஓய்வுக் காகிதத்தில் ஆசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தேதி பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

மாலையில் சரிபார்ப்பதற்காகப் பக்கத்தின் நகல் அவர் மேசைக்கு வந்தது. உச்சியில் மீசைக்காரர். படத்தின் கீழே, மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் என்று போட்டிருந்தது. கொள்ளுப்பேரனின் சொந்த ஊராக இருக்கும். தேதி அந்த ஆளைப் பிறக்கவைத்தது ஒரு துறைமுகத்தில். தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, கிராமத்தை அடித்து, துறைமுகம் என்று திருத்தி, ஓரத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.