சிவப்புத் துணிக்குப் பின்னால்

என் தம்பியின் காதுகுத்துக்கு அடித்த பிளெக்ஸில் எங்கள் மாமா ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் உச்சியில், முதுகில் சிவப்புத் துணி பறக்க, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். அந்தத் துணியைப் போடச் சொன்னது நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். அங்கே காதுகுத்து என்றால் முதலில் நாள் குறிப்பார்கள், அடுத்துத் தாய்மாமனுக்குச் சொல்வார்கள், அதற்கடுத்து பிளெக்ஸுக்குப் போட்டோ சேர்ப்பார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் பிளெக்ஸிலும் அவர் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும். சின்னதாகப் போட்டதற்காக மாமன் வீட்டார் பந்தலுக்குள் வராமல் ரோட்டிலேயே நின்ற கதையெல்லாம் உண்டு. படம் பெரிதாக இருந்தால் போதும், உண்மையாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நாய்க்குப் பயந்து தெருவைச் சுற்றிப் போகும் பக்கத்து வீட்டுக்காரர், தன் அக்கா மகளின் சடங்கு பிளெக்ஸில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் மாமா சிங்கப்பூரில் இருந்தார். போனில் அவர் சொன்ன வேலை ‘பில்டிங் மெயின்டெனன்ஸ்’. அம்மா அதை உறவுக்காரர்களிடம் ‘பில்டிங் ஆபீசர்’ என்று சொன்னாள். சித்தப்பா அதை வெளியே கொண்டுபோனபோது மாமாவுக்கு ஏசி அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்துவிட்டன. ஆலங்குடிப் பக்கம் பெண் பார்த்தபோது தரகர் சொன்னது இந்தக் கடைசிக் கதையைத்தான். பெண் வீட்டார் காதுகுத்துக்கு வருவதாகவும், அப்படியே மாப்பிள்ளையைப் பார்த்ததாக ஆகிவிடும் என்றும் ஏற்பாடு. பிடித்திருந்தால் எங்கள் பந்தியில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அவர்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

லீவில் வரும்போதெல்லாம் மாமா எனக்குப் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் கொண்டுவருவார். பறக்கிறவர்கள், சுவரில் ஏறுகிறவர்கள், ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குகிறவர்கள். எல்லாம் ஆங்கிலம். எனக்குப் படம் பார்க்கத்தான் தெரியும். அந்த வீரர்களை எங்கள் பள்ளியில் தெரியாதவர்கள் இல்லை. புத்தகப் பையில் இருந்தார்கள், பனியனில் இருந்தார்கள், திருவிழாவில் பலூன்காரரிடம் முகமூடியாகத் தொங்கினார்கள். பையன்கள் துண்டைக் கழுத்தில் முடிந்துகொண்டு தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்தார்கள். ஆனால் அவர்களுடைய கதைப் புத்தகம் வீட்டில் இருந்தது எனக்கு மட்டும்தான். ஆகவே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

உண்மையான வீரனுக்கு என்னென்ன அடையாளம் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடம்போடு ஒட்டிய உடுப்பு. உயரமான கட்டடம். சாதாரண நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஆள். முக்கியமாக, வீட்டில் யாருக்கும் தெரியாது.

காதுகுத்துக்கு முந்தின வாரம் மாமா வந்து இறங்கினார். வந்ததும் படுத்துத் தூங்கிவிட்டார். பிளெக்ஸ் கடைக்குக் கிளம்பிய சித்தப்பா மாமாவின் போனை என்னிடம் நீட்டினார். “பாப்பா, ஒங்க மாமன் போட்டோல நல்லதா ஒண்ணு எடு. கோட்டு போட்டது இருந்தா அத எடு.”

கோட்டுப் போட்டது இல்லை. சாப்பாட்டுத் தட்டு, பூங்கா, கூட வேலை செய்கிறவர்கள் என்று தள்ளிக்கொண்டே போனேன். திடீரென்று அந்தப் படம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் உடம்பை இறுக்கிய உடுப்பு. இடுப்பில் இரும்புக் கொக்கிகள். பின்னால் மேகம் தெரியும் கண்ணாடிச் சுவர். கீழே தரையே இல்லை. மாமா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கணக்கில் எல்லா அடையாளமும் பொருந்தியது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிளெக்ஸில் போட்டால் ரகசியம் உடைந்துவிடாதா என்று மட்டும் யோசித்தேன். உடையாது என்று தோன்றியது. பிளெக்ஸில் இருப்பதை யார் நம்புகிறார்கள்?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கடையில், டிசைன் செய்கிற அண்ணன் என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்தார். சித்தப்பா டீ குடிக்கப் போய்விட்டார். அந்த அண்ணனிடம் உடம்புகள் சேமிப்பில் இருந்தன. ராஜா உடம்பு, குதிரை மேல் உடம்பு, பறக்கிற உடம்பு.

“இந்தா, பறக்குற பாடி. தலைய மட்டும் வெட்டி வச்சிரவா?”

“வேண்டாண்ணே. மாமா பாடியே இருக்கட்டும். முதுகுல சேப்புத் துணி மட்டும் போடுங்க.”

“ஒங்க மாமன் என்ன வேலைம்மா பாக்குறாரு?”

“ஆபீசர்” என்றேன். ரகசியம் காப்பதில் எனக்கு நல்ல பெருமை.

குலசாமி கோயில் முன்னால் பிளெக்ஸ் ஏறிய காலையில் கூட்டம் கூடிவிட்டது. நான் நினைத்தது போலவே ஒருவரும் நம்பவில்லை. “தலைய என்னமா ஒட்டியிருக்கான்யா!” என்றார் ஒருவர். “போன வருசம் நம்ம பங்காளிக்கு இதே ஆளுதான் ராஜா உடுப்பு மாட்டிவிட்டான்” என்றார் சித்தப்பா. மாமா மட்டும் வேட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். தட்டோடு வந்த அம்மாவும் நின்றுவிட்டாள். பிளெக்ஸில் அவள் பார்த்தது மாமாவின் முகத்தை இல்லை, மணிக்கட்டை. போன லீவில் அவள் முடிந்துவிட்ட கறுப்புக் கயிறு அந்தப் படத்தில் இருந்தது. தலையை ஒட்டலாம். அந்தக் கயிற்றை யார் ஒட்டுவார்கள்?

பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “தம்பி, ஒங்கள எங்கிட்டு கொண்டுபோயி ஒட்டியிருக்காங்க பாத்தீங்களா!”

ஆமாம் என்று சிரித்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அப்பாவிடம் சொன்னார்.

“ஒட்டலைங்க. அந்தச் சேப்புத் துணி மட்டுந்தான் ஒட்டுனது. மத்ததெல்லாம் நான்தான். கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி தொடைக்கிற வேலைங்க.”

“வெளையாட்டுக்குச் சொல்றாப்ல!” என்று சித்தப்பா குறுக்கே விழுந்தார்.

“இல்ல மாப்ள. வெளையாட்டு இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் வீரன் தானாக முகமூடியைக் கழற்றியதே இல்லை.

வேப்பமரத்தடியில் நின்ற பெண் பிளெக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கேருந்து கீழ பாத்தா என்னங்க தெரியும்?” என்று கேட்டார். அவருடைய அப்பா திரும்பி முறைத்தார்.

“மரமெல்லாம் கொத்தமல்லிக் கட்டாட்டம் இருக்கும்ங்க.”

“பயமா இருக்காதா?”

“மொத வாரம் இருந்துச்சு. கண்ணாடியில நம்ம மூஞ்சிதான தெரியும். அதுக்குச் சோப்புப் போட்டு விட்டுட்டா பயம் தெரியாது.”

பெண் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

காது குத்தினார்கள். மாமா மடியில் தம்பி அலறினான். அவ்வளவு உயரத்தில் தொங்குகிறவர், ஊசி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா எல்லோரையும் பார்த்தாள், அவரை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்து பந்தி. கறிக்குழம்பு வாசனை கோயில் முழுக்க நிறைந்தது. பெண்ணின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்போது பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்.

“மறைக்காம சொல்லிட்டாரு. எலையப் போடுங்கப்பா” என்றார்.

பெண்ணும் உட்கார்ந்தார். இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டார். அடுத்த தை மாதம் அவர் எனக்கு அத்தையானார். பிறகு அவரும் சிங்கப்பூர் போனார். போன முதல் மாதமே மாமாவை நச்சரித்து ஒரு கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஏறி, கயிறு எதில் கட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு அம்மாவுக்கு போன் செய்து சொன்னார். மாமா இப்போது அந்த வேலைக்குப் பையன்களைப் பழக்குகிறார். நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில் பொறியாளராக இருக்கிறேன். ஒரு கயிறு தாங்கும் என்றாலும் கூடுதலாகக் கயிறு போட வேண்டும் என்பதை எனக்குக் கல்லூரியில் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்தவர்கள் போன பிறகு சித்தப்பா பிளெக்ஸை இறக்கினார். இறக்கிய பிளெக்ஸ் எங்கள் ஊரில் வைக்கோல் போரை மூடப் போகும். அம்மா, “அதக் குடுங்க தம்பி” என்று வாங்கி, கோயில் வாசலில் விரித்தாள். மாமாவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து சிவப்புத் துணியின் மேல் கையை வைத்தாள். தடவினாள். ஓரத்தை நகத்தால் நெம்பிக்கூடப் பார்த்தாள்.

“இதுக்குப் பொறத்தால என்னடா இருக்கு?” காலையிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. “கயிறு ஒண்ணுதான் தெரியுது.”

“இன்னொண்ணு இருக்குக்கா. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு புடிச்சுக்கும். பாப்பா துணியப் போட்டு மறைச்சுவிட்டுட்டா.”

“காமி.”

மாமா போனில் அந்தப் படத்தை எடுத்து, பெரிதாக்கிக் கொடுத்தார். அதில் சிவப்புத் துணி இல்லை. அம்மா அவர் இடுப்பில் விரலை வைத்து, அங்கிருந்து மெதுவாக மேலே கொண்டுபோனாள். படத்தின் விளிம்பு வந்ததும் விரல் நின்றது.

“மேல எதுலடா கட்டியிருக்கு?”

“அது போட்டோல வராதுக்கா. கட்டியிருக்கும்.”

அம்மா மறுபடி இடுப்பிலிருந்து தொடங்கினாள்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அந்தத் துணி நன்றாயிருக்கிறது என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தேன், யாரும் சொல்லவில்லை. இத்தனை நேரம் தடவிப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான்.

“சேப்புத் துணி நல்லாருக்குல்லம்மா?” என்றேன்.

“நல்லாருக்குத்தா” என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுக்குத் துணி அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.