நெட் மேல் போட்ட பழி

வீட்டில் உட்கார்ந்து கேம் ஆடுகிறவனுக்கு என்ன கேடு என்று கேட்பவர்கள் தீனதயாளனோடு ஒரே ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும். சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். வயது இருபத்திரண்டு, டிப்ளமா முடித்தவன். போனில் சண்டை ஆட்டம் ஆடும் நாலு பேர் டீமுக்கு அவன்தான் கேப்டன். மற்ற மூவரை நேரில் கண்டதுகூட இல்லை, காதில் குரல்தான் பழக்கம். எங்கே பதுங்குவது, எப்போது சுடுவது என்று மைக்கில் சொல்ல வேண்டியவன் அவன். காலையில் பத்து மணிக்குப் போனை எடுத்தால் பொழுது சாயும்வரை பயிற்சி. தோற்ற ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். ஊர் பேர் தெரியாதவன் எவனோ திட்டி எழுதியதைப் படிப்பான். பிறகு சோறு இறங்காமல் தட்டைத் தள்ளுவான். கரும்பு வெட்டுகிறவனுக்காவது கத்தியைக் கீழே வைத்தால் வேலை முடிந்தது. இவனுக்குத் தூக்கத்திலும் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு போட்டியில், ஜெயிக்கப்போகும் நேரத்தில், நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல ஆனது. மூச்சு இரைத்தது. அந்த இரைப்பு மற்றவர்கள் காதில் விழுந்துவிடுமே என்று மைக்கை அணைத்துவிட்டான். வழி சொல்ல ஆளில்லாமல் ஆட்டத்தில் மூன்று பேரும் செத்தார்கள்.

"இன்னாண்ணா ஆச்சு?" என்றான் டீமில் இளையவனான பகலவன்.

"நெட்டு கட்டாயிடுச்சுடா."

வாயில் வந்தது அதுதான். நம்பிவிட்டார்கள். இந்தப் பக்கத்து நெட் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அதன்பிறகு வாரத்துக்கு ரெண்டு தரம் கட்டானது. பாவம், அந்த நெட்!

மகன் உருகுவது நெட்டால்தான் என்று அப்பா அரங்கநாதனும் முடிவு கட்டிவிட்டார். கேபிள்காரரைக் கூப்பிட்டார். புது ஒயர் வர வேண்டுமானால் பங்காளி தெய்வசிகாமணியின் நிலத்தில் கம்பம் நட வேண்டும். வரப்புத் தகராறில் ஒன்பது வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒருத்தர் வீட்டுச் சாவுக்கு இன்னொருத்தர் போனதுகூட இல்லை. அவர் வாசலில் அப்பாவே போய் நின்று, "புள்ள படாத பாடு படுறான், கம்பம் நட வுடுப்பா" என்று கேட்டாராம். அம்மா சொல்லித்தான் தீனாவுக்குத் தெரியும். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, படுபாவி. அவ்வளவு களைத்துக் கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தகுதிச்சுற்று. அதற்குள் கம்பம் நட்டு ஒயரும் வந்துவிட்டது, புது நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அப்பா மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சக் கொல்லைக்குப் போகாமல் கதவோரம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிஷம் நெஞ்சு இறுகியது. சொல்லிக்கொண்டிருந்த வழி பாதியில் நின்றது, விரல் தானாக மைக்கை அணைக்கப் போனது.

"அண்ணா, நெட்டா?" என்றது காதில் பகலவன் குரல்.

ஆமாம் என்றால் போதும். ஆனால், ஆமாம் என்றால் அப்பா இன்னொருத்தர் வாசலில் போய் நிற்பார்.

"நெட்டு நல்லாத்தான் கீதுடா. எனக்குத்தான் மூச்சு வாங்குது. மூணு மாசமா நான்தான் மைக்க ஆஃப் பண்ணிக்கினு இருந்தேன்."

"மொதல்லயே சொன்னா இன்னாண்ணா?" என்றான் பகலவன். அழுகிற குரல்.

தோற்றார்கள். அரைமணியில் டீமிலிருந்து மெசேஜ் வந்தது. தீனா ஓய்வு எடுக்கட்டும், இனி வேறு கேப்டன். போனைக் கவிழ்த்து வைத்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட, அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா'வுக்கே அழுகை வந்தது.

அப்பா உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"இப்பவும் வாங்குதா?"

"ம்."

"காலைல கள்ளக்குறிச்சிக்குப் போயி டாக்டர பாத்துடலாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் இப்பிடி வரும்டா. மோட்டார நிறுத்திட்டு வரேன்னு கொல்லைக்குப் போயிடுவேன்."

தீனா நிமிர்ந்து பார்த்தான். சாப்பாட்டுக்கு நடுவில், விருந்தாளி வந்திருக்கும்போது, எத்தனை தரம் அப்பா அப்படி எழுந்து போயிருக்கிறார்! கரண்ட் இல்லாமல் மோட்டாரே ஓடாத நாளிலும் போயிருக்கிறார். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.