நண்பகலில் வெளிச்சம் தெரிகிறது என்று கத்தியவர்

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னில் ஒரு கம்பளிச் சட்டைத் தொழிற்சாலையில் பொதி கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கப்பலில் சமையல் உதவியாளாகி, அதுவும் பிடிக்காமல் இறங்கியவன் நான். முதல் குளிர்காலம் முழுக்கப் பொதியறையில் வெட்டுத் துணிக் குவியலின்மேல் படுத்தேன். கப்பல் கட்டிலைவிட அது மெத்தென்று இருந்தது.

முதலாளி யூதர். தையல் மெசின்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் போருக்குப் பின் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள். வாசல் காவலாளி மட்டும் நெதர்லாந்திலிருந்து வந்த ஒல்லாந்துக்காரக் கிழவர். மனைவி இறந்த பிறகு வாசலுக்குப் பின்னால் இருந்த சிறு அறையிலேயே தங்கியிருந்தார்.

ஒருநாள் காலை பொதிகளை வழியில் இறக்கிவிட்டேன் என்று கிழவர் என்மேல் பாய்ந்தார். தெருமுனைவரை கேட்கும் குரல். அன்றுதான் வேலைக்கு வந்த ஒல்லாந்து யூதப் பெண் ஒருத்தி அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். நாற்பது வயது இருக்கும்.

"இவன் எங்கட தெருப் பொலிஸ்காரன்," என்றாள். "ஜெர்மன்காரன் எங்கட ஊரைப் பிடிச்சிருந்த நேரம், வாசலில நிண்டு என்ர அம்மாவைக் கண்டபடி பேசினவன்."

அந்தக் காலத்தில் யூதர்களை வீடு வீடாகப் பிடித்து ரயிலேற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பினார்கள், பிடித்துக்கொடுத்ததில் உள்ளூர்ப் பொலிசும் சேர்த்தி என்று என்னோடு பொதி கட்டிய பினாங்கு அண்ணன் விளக்கினார். தேநீர் வேளைக்குள் மெசின்கள் நின்றுவிட்டன. அவன் வாசலில் இருந்தால் நாங்கள் உள்ளே இல்லை என்றார்கள். முதலாளி கிழவரிடம் போய்க் கேட்டார்.

"ஓம், பொலிஸ்தான். ஓம், பேசினனான்." அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அந்தப் பெண்ணின் தாய் வந்து பார்த்து, ஆள் இவர்தான் என்றால் வேலை போய்விடும் என்று முடிவானது. வேலை போனால் அறையும் போய்விடும்.

"கிழவன் கதை முடிஞ்சிருச்சிடா," என்றார் பினாங்கு அண்ணன். "அந்த ரூம்ல நீ போய்ப் படுத்துக்க லா. துணிமேல படுத்தது போதும்."

"வாயை வச்சுக்கொண்டு சும்மா இருங்கோ அண்ணை."

கிழவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி காணாது என்று திட்டினார்.

அடுத்த நாள் காலை அந்தத் தாய் ட்ராமில் வந்து இறங்கினாள். கையில் தடி. கிழவரை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பி, எல்லோருக்கும் விளங்க ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இவர்தான். என்ன சொல்லிப் பேசினவர் எண்டு ஞாபகம் இருக்கே?"

"திரைச்சீலை சரியில்லையாம், வெளிச்சம் வெளியில தெரியுதாம், இரவு வந்து பாப்பாராம்."

குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாதென்று அங்கே சட்டம் இருந்ததாம்.

"அது மத்தியானமடி. மத்தியான வெயிலில எந்த வெளிச்சம் தெரியும்? எங்கட திரைச்சீலையில ஒரு ஓட்டையும் இல்லை. அதாலதான், இரவு எங்களைப் பிடிக்க வருகினம் எண்டு எனக்கு விளங்கினது. பின்னேரமே உன்னைக் கூட்டிக்கொண்டு பின்வழியால போயிட்டன். இரவு லொறி வந்ததாம்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை. எனக்கும் அந்தக் காலத்தைக் கதைக்க விருப்பமில்லை." தடியால் கிழவரைக் காட்டினாள். "ஜெர்மன்காரனுக்குத் தெரிஞ்சிருந்தா இந்த மனுசனைச் சுவரோட நிப்பாட்டிச் சுட்டிருப்பாங்கள்."

மகள் போய்க் கிழவரின் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விலக்கிக்கொண்டார்.

"எல்லா வீட்டு வாசலிலயும் அப்பிடித்தான் கத்தினனான்," என்றார். "காட்டிக்குடுக்கிற ஆக்கள் அயலில இருந்தவை. மெல்லச் சொன்னாச் சந்தேகப்படுவினம். கனபேர் விளங்கிக்கொண்டு போயிட்டினம். சிலபேர் போர்வையைக் கிழிச்சுத் திரைச்சீலைக்கு ஒட்டுப் போட்டிட்டு உள்ளுக்கயே இருந்தினம்."

கிழவர் தாயின் பக்கம் திரும்பினார்.

"அவையளின்ர ஆக்கள் ஆரும் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது? அதுதான் நேற்றுப் பேசாமல் இருந்தனான்."

"நான் போனனான்," என்றாள் தாய். "இவள் உயிரோட முன்னால நிக்கிறாள். முதல் அதைப் பாருங்கோ."

கிழவர் தலையை ஆட்டினார். "எனக்கு நன்றி வேண்டாம். எந்த வீட்டுக்கு லொறி போகுது எண்டு முன்கூட்டிச் சொன்னது நகரசபைக் கிளாக்கர். அவரைப் பிடிச்சு அடிச்சாங்கள். என்ர பேரை அவர் சொல்லேல்லை. திரும்பி வரவுமில்லை."

துறைமுகந்தோறும் எத்தனையோ சீருடைக்காரர்கள் என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தள்ளியிருக்கிறார்கள், ஒருவன் அறைந்தும் இருக்கிறான். அந்த உடைக்குள் இப்படியும் ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்று அன்றுதான் கண்டேன். ஊர் முழுக்கத் தன்னை வெறுக்கட்டும் என்று விட்டு, அந்த வெறுப்பைக் கொண்டே வேலையை முடித்தவர். அப்படிப்பட்ட இன்னொருவரை அதற்குப் பிறகு நான் சந்திக்கவில்லை.

கிழவரின் வேலை போகவில்லை; வாசலிலேயே இருந்தார். சில மாதங்களில் எனக்கு அந்த ஊர் அலுத்து, சிட்னிக்குப் புறப்பட்டேன். அதுவரை மதியச் சாப்பாட்டு வேளைகளில் அந்தப் பெண் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்காருவாள். இருவரும் தங்கள் மொழியில் பேசுவார்கள். என்ன பேச்சு என்று ஒருநாள் கேட்டேன். அந்தக் கிளாக்கருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதாகச் சொன்னாள்.