ஏரி பின்வாங்கிய மாலை

ஜெனீவா ராட்கே இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரைச் சிற்றூரான ஹெரான் பாயிண்ட்டில் அவள் பேருந்தில் ஏறாத பிள்ளை கிடையாது. இப்போது ஏறும் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவையும் ஒரு காலத்தில் அவள்தான் ஏற்றி இறக்கினாள். பனி கொட்டினாலும் பேருந்தை நேரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். அவளால் முடியாத காரியம் என்று ஒன்று இருக்கும் என ஊரில் யாரும் நினைத்ததில்லை, ஐம்பத்தோராவது வயதில் அவள் தூண்டிலைக் கையில் எடுக்கும் வரைக்கும்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது தொடங்கியது. மதுக்கடையில் வழக்கமான மீன் வறுவல் சாப்பாடு. அவள் கணவன் லைல், இரண்டு கூட்டாளிகளோடு படகில் போய்ப் பதினெட்டு வால்ஐ மீன் பிடித்த கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஈரி ஏரிக்கரையில் அந்த மீனைப் பிடித்தவன்தான் மீன்பிடிக்கத் தெரிந்தவன். மற்ற மீன் எதைப் பிடித்தாலும் பொழுதுபோக்கு என்பார்கள்.

“படகுல ஏறி, மீன் எங்க நிக்குதுன்னு மெஷின்ல பாத்து, அது வாய்க்கு நேரா முள்ளப் போட்டா யாருதான் பிடிக்க மாட்டாங்க?” என்றாள் ஜெனீவா.

பக்கத்து மேசையிலிருந்து ஆர்டன் வோக்ட் திரும்பினான். படகுத்துறை முனையில் தூண்டில் கடை வைத்திருப்பவன். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

“அப்போ நீ கரையில நின்னு ஒண்ணு பிடிச்சுக் காட்டேன் பஸ்காரி. படகு கிடையாது, மெஷின் கிடையாது. ஏரி உறையிறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு.”

“பிடிச்சா?”

“மொதல்ல பிடி. அப்புறம் பேசலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். லைல்தான் அதிகம் சிரித்தான். அதுதான் அவளுக்கு உறைத்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்த நாலரை மணி ஆகும். அதற்குமேல் இருட்டும் வரை ஏரிக்கரை. ஊருக்கு மேற்கே பழைய சரளைக்கல் துறை ஒன்று இருந்தது. கப்பல் வந்து கல் ஏற்றிய காலம் முடிந்து அறுபது வருடம் ஆகிவிட்டது. பாறைகளை அடுக்கிக் கட்டிய தடுப்புச்சுவர் மட்டும் இருநூறு அடிக்கு ஏரிக்குள் நீண்டு கிடந்தது. எல்லோரையும் போல அவளும் அதன் முனைக்குப் போய் நின்று, கை வலிக்கும் வரை தூரமாக வீசினாள்.

முதல் நாள், இரைக்குப் பதிலாகக் கட்டும் முள் வைத்த போலி மீன்கள் இரண்டு தண்ணீருக்கடியில் எதிலோ மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்து போயின. இரண்டாம் நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் கனமாக ஏதோ இழுத்தது. பத்து நிமிடம் மல்லுக்கட்டி இழுத்தால் ஒரு ரப்பர் மிதியடி, கார் மிதியடி. ஏழாம் நாள் கெளுத்தி ஒன்று மாட்டி, அவள் கட்டைவிரலில் குத்திவிட்டுத் தண்ணீருக்குள் போனது. ஒவ்வொரு முறையும் மறுநாள் ஆர்டன் கடைக்குப் போய் இன்னொரு போலி மீன் வாங்க வேண்டியிருந்தது.

“ஏரிக்கு நல்லாவே தீனி போடுற,” என்பான் அவன். “அதுவும் ஒரு நாள் உனக்கு நன்றி சொல்லும்.”

பன்னிரண்டாம் நாள்தான் அவள் அவற்றைப் பார்த்தாள். இருட்டிவிட்டிருந்தது, காற்றே இல்லை. கிளம்பும்போது, சுவர் கரையோடு சேரும் இடத்தில் நின்று முடிச்சுப் போடுவதற்காக நெற்றி விளக்கைப் போட்டவள், குனிந்தபோது வெளிச்சம் பாறைகளுக்குக் கீழே தண்ணீரில் விழுந்தது. அங்கே கண்கள் இருந்தன. பச்சையும் வெள்ளையும் கலந்த, பளிங்குக் குண்டு போன்ற கண்கள், ஜோடி ஜோடியாக. உடம்பு தெரியவில்லை. அசையவில்லை. ஏதோ ஒரு வீட்டுக் கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், கதவு திறந்ததும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தது போல இருந்தது. பிறகு, யாரோ ஊதி அணைத்த மாதிரி, அத்தனையும் ஒன்றாக மறைந்தன.

வீட்டுக்கு வந்து லைலிடம் சொன்னாள்.

“வால்ஐ கண்ணு அப்படித்தான் மின்னும். இருட்டுல பாக்குறதுக்குன்னே அமைஞ்ச கண்ணு,” என்றான் அவன், தொலைக்காட்சியிலிருந்து பார்வையை எடுக்காமல். “இதுக்குப் போயா பயந்த?”

“பயம்னு யாரு சொன்னா? அதுங்க என்னைப் பாத்துச்சுன்னுதான் சொன்னேன்.”

மீன் காலடியிலேயே இருக்கிறது என்பதை அன்றே அவள் புரிந்துகொண்டிருக்கலாம். புரியவில்லை. மறுநாளும் முனைக்கே போய், இன்னும் தூரமாக வீசினாள். பத்தொன்பது மாலை இப்படிப் போயிற்று. ஹாலோவீன் பண்டிகைக்காக வீட்டு வாசல்களில் செதுக்கி வைத்த பூசணிக்காய் முகங்கள் அழுகி உள்வாங்கின. விரல் நுனிகள் வெடித்தன. இரவில் கண்ணை மூடினால், அந்தப் பளிங்குக் கண்கள் இமைக்குள் வரிசையாக வந்து நின்றன.

நவம்பர் நடுவில் தென்மேற்குக் காற்று தொடங்கியது. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் மின்கம்பங்கள் சாய்ந்ததால் பள்ளியை மதியமே விட்டுவிட்டார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, மூன்று மணிக்குக் கல் துறைக்கு வந்த ஜெனீவா வண்டியை விட்டு இறங்கியதும் அப்படியே நின்றாள்.

ஏரி இல்லை.

அந்தக் காற்று தண்ணீரைக் கிழக்குக் கோடிக்குத் தள்ளிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு முறையாவது துறையில் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும். ஆனால் இந்த அளவுக்கு அவள் பார்த்ததில்லை. தடுப்புச்சுவர் பாறைகள் அடிவரை வெளியே தெரிந்தன. அதற்கப்பால் சாம்பல் நிறச் சேற்றுத் தரை, அரை மைலுக்கு. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு கோடு. தரையெங்கும் கடற்காக்கைகள் ஒரே திசையைப் பார்த்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

கால் மைல் உள்ளே விலா எலும்பு போலச் சில கட்டைகள் நீட்டிக்கொண்டிருந்தன. பழைய சரக்குத் தோணி ஒன்றின் மிச்சம். அதில் ஆரஞ்சு நிறத்தில் எதுவோ தெரிந்தது. அவள் வாங்கிய முதல் போலி மீனின் வயிறு ஆரஞ்சு நிறம். ஆனால் அத்தனை தூரத்துக்கு அவளால் வீச முடியாதே, நரம்பு அறுந்த பிறகு நீரோட்டம் கொண்டுபோயிருக்குமோ என்று யோசித்துக்கொண்டே பாறைகளில் இறங்கினாள். காற்று சற்று முன்புதான் நின்றிருந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

காலடியில் சிப்பி ஓடுகள் பீங்கான் போல நொறுங்கின. அழுகிய இலையும் பழைய டீசலும் கலந்த நாற்றம். ஐம்பது அடி போனதும் ஒரு கால்தடம் தெரிந்தது. ரப்பர் பூட்ஸ், பெரிய அளவு. தடங்கள் வரிசையாக உள்ளே போயின. பக்கத்தில் திரும்பி வந்த தடம் இல்லை.

தோணியை நெருங்கியதும் நடையை நிறுத்தினாள். கட்டைகளிலும், அவற்றின் ஊடாகக் கிடந்த இரும்புக் கயிற்றிலும் நூற்றுக்கணக்கான போலி மீன்கள் தொங்கின. நிறம் போனவை, முள் துருப்பிடித்தவை, பாசி படர்ந்தவை, போன வாரத்துப் புதுசு. அத்தனைக்கும் வண்ணம் பூசிய கண்கள். சில கட்டைகளில் மட்டும் ஒன்றுமில்லை. யாரோ அப்போதுதான் பறித்தெடுத்தது போலச் சுத்தமாக இருந்தன.

அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். முதலில் வாத்து என்று நினைத்தாள். பிறகு அது அவள் பெயரைச் சொல்லியது.

“ஜெனீவா! இங்க... இந்தப் பக்கம்!”

தோணிக்குப் பின்னால் தரை பிளந்து, ஒரு பள்ளம் ஓடியது. அதன் ஓரத்தில், பூட்ஸோடு சேர்ந்து மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையில் ஆர்டன் தொடைவரை சேற்றில் புதைந்து நின்றான். கைக்கெட்டாத இடத்தில் ஒரு வாளி, நிறையப் போலி மீன்கள்.

“ஒரு மணி நேரமா கத்துறேன். காத்து என் குரல அந்தப் பக்கமாக் கொண்டுபோயிடுச்சு.” முகம் சேற்றின் நிறத்துக்கே வந்திருந்தது. “அசைஞ்சா இன்னும் உள்ள இழுக்குது.”

“அப்போ நான் காசு குடுத்து வாங்கினதெல்லாம் இங்கேருந்து எடுத்ததா?”

“அத அப்புறம் திட்டு, தாயே! காத்து நின்னுடுச்சு. தெரியுதா உனக்கு? தண்ணி திரும்பப் போகுது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். தான் விட்டு வந்த கால்தடங்களில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எங்கிருந்தும் ஓடி வரவில்லை. தரைக்கடியிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல்.

முன்பு ஒருமுறை பேருந்தில் ஒரு பிள்ளை வலிப்பு வந்து விழுந்தபோது எப்படிப் பேசினாளோ அதே குரலில் பேசினாள். “என்னைப் பாரு. சேத்தப் பாக்காத. தோள்ல மாட்டியிருக்குற பட்டைய அவுத்துடு. ரப்பர் கால்சட்டைய விட்டுட்டு நீ மட்டும் வெளிய வரணும்.” தோணியிலிருந்து உளுத்த பலகை இரண்டைப் பிடுங்கி வந்து போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்தாள். அவன் கைகளைப் பிடித்தாள். இழுத்தாள்.

படுத்தபடியே தலையைத் தூக்கியபோது பள்ளம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதில் மட்டும் தண்ணீர் மிச்சமிருந்தது. மேகத்துக்குக் கீழே வெளிச்சம் மங்கி வந்த நேரம். யாராவது பார்க்கட்டும் என்று ஆர்டன் எரியவிட்டிருந்த நெற்றி விளக்கு திரும்பும்போதெல்லாம், பள்ளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கண்கள் எரிந்தன. நூறா, இருநூறா. அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு, இவர்கள் பக்கம் திரும்பி, அசையாமல்.

“அதுங்களப் பாக்காத,” என்றான் ஆர்டன். அழுதுகொண்டிருந்தான்.

மூன்றாவது இழுப்பில் சேறு அவனைக் கக்கியது. காலுறையோடு எழுந்து நின்றான். இருவரும் ஓடவில்லை, ஓட முடியாது. சிப்பி ஓடு அவன் பாதத்தைக் கிழிக்க, அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தாள். பாதி வழியில் பின்னாலிருந்து ஒரு மெல்லிய நுரைக்கோடு வந்து அவர்களைத் தாண்டிப் போயிற்று. அவசரமே இல்லாமல், வீட்டுக்குத் திரும்புகிற ஆள் போல. பிறகு கணுக்கால். பிறகு முழங்கால். பாறையில் ஏறித் திரும்பியபோது தோணி தெரியவில்லை.

ஏறியது தடுப்புச்சுவரின் முனையில் இல்லை, அடியில், கரையோடு சேரும் இடத்தில். அங்கே நின்றுதான் அவள் அந்தப் பள்ளத்தின் போக்கைக் கண்டாள். கப்பல் வருவதற்காக ஒரு காலத்தில் தோண்டிய வழி அது. தோணியிலிருந்து, அவள் இறங்கி நடக்காத பக்கமாக வளைந்து வந்து, தான் நிற்கும் பாறைக்கு இருபதடி தள்ளி, கரையை ஒட்டியே போனது. நிறம் மாறிய தண்ணீர் ஒரு நிமிடம் அதைக் காட்டிக் கொடுத்தது. பிறகு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டது. பத்தொன்பது மாலையும் அவள் அதைத் தாண்டி நடந்துபோய், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீசியிருக்கிறாள்.

வண்டியில் சூடு போட்டு, ஃபிளாஸ்கிலிருந்த காப்பியை அவன் கையில் கொடுத்தாள். பல் தந்தியடித்ததில் பாதி சிந்திற்று.

“அதுங்க எதுக்கு நின்னுச்சு தெரியுமா?” என்றான் அவன். “நான் எங்கயும் போக மாட்டேன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு மணி நேரமும் கண்ண எடுக்கல.”

“அதுக்கும் போக வழி இல்ல ஆர்டன். தண்ணி வத்திப் போச்சு, உன்ன மாதிரியே மாட்டிக்கிச்சு. அவ்வளவுதான்.”

அவன் தலையாட்டினான். நம்பியதாகத் தெரியவில்லை. சொன்ன அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

நான்கு நாள் அவள் ஏரிப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் போனாள். முனைக்கு நடக்காமல் அடிப்பாறையிலேயே நின்றாள். விளக்கைப் போடவில்லை. இருபதடிக்குச் சற்று மேல் மெதுவாக வீசி, சுற்றுகிறோமா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லச் சுற்றினாள். மூன்றாவது வீச்சில் நரம்பு கனத்தது. வெட்டி இழுக்கவில்லை அது. யாரோ மறுமுனையைக் கையில் வாங்கிக்கொண்டது போல இருந்தது. அவள் கோலை உயர்த்தினாள். பிறகுதான் அது தலையை உதறியது, ஒரு தடவை, இன்னொரு தடவை, அழுத்தமாக.

கைவலையில் கிடந்தது ஆறு ராத்தலுக்குக் குறையாது. பொன்னிறப் பக்கம், வெள்ளை வயிறு. அந்தக் கண் அவளைப் பார்த்ததா, வானத்தைப் பார்த்ததா என்று சொல்ல முடியவில்லை. முள்ளைக் கழற்றிவிட்டு, குனிந்தபடியே வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உரக்கக் கத்த வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மீனை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு நடந்தாள்.

வெண்ணெயில் வறுத்த மீனை லைல் இரண்டு துண்டு சாப்பிட்டான். “எங்க பிடிச்ச?” என்றான். “கரையில,” என்றாள். அன்று அவன் சிரிக்கவில்லை. மதுக்கடையில் ஆர்டன்தான் எல்லோருக்கும் அதைச் சொன்னான், ஒரு கேலியும் இல்லாமல். எந்த இடம் என்று கேட்டவர்களிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சேற்றில் நின்ற கதையை இரண்டு பேருமே யாருக்கும் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் ஏரி உறைவதற்குள் ஜெனீவா இன்னும் நான்கு மீன் பிடித்தாள். கடைசி மாலை, மீனைக் கோத்துவிட்டுக் கையைக் கழுவக் குனிந்தபோது, பாறையடியில் தண்ணீர் ஒரு சாண் கீழே இறங்கியது, ஏரி மூச்சை உள்ளே இழுத்தது போல. காற்றும் இல்லை, அலையும் இல்லை. அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள். சற்று நேரத்தில் அது திரும்பி வந்து விரல்களை நனைத்தது. அவள் பொருள்களை எடுத்துக்கொண்டு, பின்னால் பார்க்காமல் வண்டிக்கு நடந்தாள்.