தூணைச் சுற்றிய கயிறு

எங்கள் கட்டிடத்தை இடிபடாமல் காப்பாற்றியது நான்தான். இதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்த் தேநீர் போட ஆரம்பித்துவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். எனக்கு ஒன்பது வயது. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் ஒரு சந்தில், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கீழே வாப்பாவும் சாச்சாவும் கயிற்றுக்கடை வைத்திருந்தார்கள். படகுகளுக்கு வேண்டிய கயிறு, தார்ப்பாய், சாக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். வாப்பாவைக் ‘காக்கா’ என்று அழைக்கும் அவருடைய தம்பியான சாச்சாவுக்கு வியாபாரத்தைவிட யோசனை சொல்வதில்தான் ருசி அதிகம்.

கட்டிடத்தின் கூரையில் அரசமரம் முளைத்திருந்தது. மழைக்காலத்தில் சுவர்கள் வியர்த்தன. தண்ணீர் மாடிக்கு ஏறுவதற்கு மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓடக் கரண்ட் வர வேண்டும், கரண்டோ நினைத்தபோது வரும். அதனால் கீழே உள்ள தொட்டியிலிருந்து வாளியில் சுமந்துதான் எல்லோரும் குடித்தனம் நடத்தினார்கள். வாப்பா காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நாலைந்து நடை சுமந்து ஊற்றிவிட்டுப் போவார். மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். பிறகு உம்மா இறங்குவாள்.

அந்த வருடம்தான் உம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போய் வந்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, மாடிப்படி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம். பதினாறு வயதுவரை இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உம்மாவுக்குச் சளி என்றார்கள். நானும் சளி என்றே நம்பினேன்.

கொஞ்ச நாளில் ஒரு காண்ட்ராக்டர் சுருட்டிய காகிதத்துடன் கடைக்கு வந்தார். பழைய கட்டிடத்தை இடித்துவிட்டு எட்டு மாடி எழுப்புவதாகவும், இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வீடு தருவதாகவும் சொன்னார். எங்களுக்கு முதல் மாடி. சாச்சா காகிதத்தை மேசையில் விரித்து நாலு மூலையிலும் கயிற்றுருண்டைகளை வைத்தார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நெடுநேரம் பார்த்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“குழாய் எங்கன இருக்கு?”

காண்ட்ராக்டர் சின்ன வட்டம் ஒன்றைக் காட்டினார். உம்மா அதன்மேல் விரலை வைத்தாள். வாப்பா காகிதத்தைச் சுருட்டப் போனபோதுதான் எடுத்தாள்.

எல்லாக் குடும்பமும் சம்மதித்துவிட்ட நேரத்தில், இரண்டாம் மாடியில் இருந்த பர்மியப் பள்ளிக்கூட டீச்சர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். நகரத்தின் பழைய கட்டிடங்களைப் பட்டியல் எடுக்கிறார்களாம். பட்டியலில் சேர்ந்துவிட்டால் ஒரு செங்கலைக்கூட அசைக்க முடியாது. எங்கள் சந்துக்கும் வருகிறார்கள். காண்ட்ராக்டரைக் கேட்டதற்கு, “பழைய சாமான் ஒண்ணும் கண்ணுல படலேன்னா விட்டுட்டுப் போயிருவாங்க” என்றார்.

அது போதும் சாச்சாவுக்கு. வாசல் கூடத்தில் தரை முழுக்கப் பூ வேலை செய்த வண்ணக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. அதன்மேல் தார்ப்பாயை விரித்தார். படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியில் இலையும் கொடியுமாக வார்ப்பு வேலை இருக்கும். அதன்மேல் வரிசையாகச் சாக்குகளைக் காயப்போட்டார். கூடத்தின் நடுவில் நின்ற இரும்புத் தூணை மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் அரைநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அடியிலிருந்து ஆள் உயரத்துக்குத் தடித்த கயிற்றை நெருக்கமாகச் சுற்றினார். விற்பனைக்கு வைத்த சரக்கு மாதிரியே இருந்தது.

என்னிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. “வர்றவுக முன்னால வாயத் திறக்கப்படாது” என்று மட்டும் உம்மா சொன்னாள். விருந்தாளிகள் வரும்போது கிழிந்த மெத்தையின்மேல் நல்ல விரிப்பைப் போடுவோமே, அப்படித்தான் இதையும் புரிந்துகொண்டேன். உடைந்த கற்களைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வயதானவர், ஒல்லியானவர். கையில் குடை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. மற்றவள் நோட்டுப் புத்தகம் வைத்திருந்த இளம்பெண். அவள் அவரை மூச்சுக்கு ஒருமுறை ‘சயா’ என்றாள், வாத்தியாரை அழைப்பதுபோல. காலையிலிருந்து எத்தனை சந்து நடந்தார்களோ, பெரியவரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூடத்தில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், சாக்குகளைப் பார்த்தார். மாடிக்கு ஏற மனமில்லாதவராகச் சாச்சா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

உம்மா தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர் அதைக் குடித்துக்கொண்டே இளம்பெண்ணிடம் பர்மிய மொழியில் சொன்னார்.

“இதில் ஒன்றுமில்லை. எல்லாம் போய்விட்டது. கோடு போட்டுவிடு.”

அவள் பேனாவைத் திறந்தாள். சாச்சா தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவைப் பார்த்தார். வாப்பாவின் இறுகியிருந்த தோள்கள் தளர்ந்ததை நான் பார்த்தேன்.

உம்மாவுக்குக் கடைவீதி பர்மியம் மட்டும்தான் தெரியும். எனக்கோ அந்த மொழிதான் தமிழைவிட நன்றாக வரும். பெரியவர் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஒன்றுமில்லையாமே! நான் பிறந்ததிலிருந்து விளையாடும் கூடத்தில் ஒன்றுமில்லையா? அதைவிட, அவர் அதைச் சொன்ன விதம். ஏதோ ஒன்றைத் தேடித் தேடி அலுத்துப்போனவரின் குரல் அது. பாவமாக இருந்தது.

“இருக்கிறது சயா” என்றேன் பர்மிய மொழியில்.

தார்ப்பாயின் மூலையைப் பிடித்து இழுத்தேன். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கற்கள் வெளியே வந்தன. “இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்கு ஒற்றைக் காலில் தாண்ட வேண்டும், கோட்டை மிதித்தால் அவுட்” என்று விளையாட்டையும் விளக்கினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தூணிடம் ஓடிப்போய்க் கயிற்றின் நுனியைத் தேடி அவிழ்த்து, தூணைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். கயிறு சரிந்து விழுந்தது. அடியில் புடைத்து நின்ற எழுத்துகள் தெரிந்தன. அவற்றின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுப்பது என் பழக்கம். ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது.

பெரியவர் எழுந்து வந்து முழங்காலிட்டு உட்கார்ந்தார். சாவியால் அழுக்கைச் சுரண்டினார். விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார்.

“கிளாஸ்கோ” என்றார். “ஸ்காட்லாந்தில் வார்த்தது, மகளே. அங்கிருந்து கப்பலில் வந்திருக்கிறது.”

எனக்குத் தெரிந்த மிகத் தொலைவான ஊர், மாமி குடியிருந்த தன்லியின். பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸில் போக வேண்டும்.

“தன்லியினைவிடத் தூரமா?”

“கொஞ்சம் தூரம்தான்” என்று சிரித்தார். “அங்கேயும் கடலோரத்துச் சின்ன ஊர்களில் இப்படிப் பழைய வீடுகள் உண்டு. ஒரு ஜன்னலை மாற்றுவதென்றால்கூடக் கேட்டுக்கொண்டுதான் மாற்றுவார்களாம். புத்தகத்தில் படித்திருக்கிறேன்.”

அந்தக் களைத்த முகம் மலர்ந்ததுபோல வேறு எந்தப் பெரியவரின் முகமும் மலர்ந்து நான் பார்த்ததில்லை. இளம்பெண் பக்கம் பக்கமாக எழுதினாள். சாக்குகளை ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். போகும்போது என் தலையில் கை வைத்து, “கெட்டிக்காரப் பெண், நன்றாக வளர்த்திருக்கிறீர்கள்” என்று உம்மாவிடம் சொன்னார். அதை நானே தமிழில் சொல்லிக் காட்டினேன்.

உம்மா தலையாட்டினாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

சாச்சாதான் என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். வாப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுறா. அதுக்கு என்னா தெரியும்.”

“தெரியாதுன்னுதான் சொல்லுறேன் காக்கா! சொல்லி வச்சிருக்கணும்ல?”

“சொல்லலேல்ல. விடு.”

சில மாதங்களில், இடிக்கக்கூடாது என்று வாசலில் அறிவிப்புப் பலகை வந்தது. காண்ட்ராக்டர் பக்கத்துச் சந்துக்குப் போய்விட்டார். அங்கே எட்டு மாடி எழும்பியதை நாங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்தோம். எங்கள் படிக்கட்டில் மரப்பலகை மூன்று உளுத்துப் போயிருந்தது. மாற்ற அனுமதி கேட்டு வாப்பா மனு எழுதினார். பழைய மாதிரியே பலகை இருக்க வேண்டும், பழைய மாதிரி எப்படி இருந்தது என்பதற்குப் படம் வேண்டும் என்றார்கள் ஆபீஸில். படம் யாரிடம் இருக்கிறது? அந்தப் பெரியவரையே கேட்கலாம் என்று போனார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். வாப்பா கடையைச் சாச்சாவிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போவார். “அடுத்த மாசம் வரச்சொன்னாங்க” என்று வந்து சட்டையைக் கழற்றுவார். பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். உளுத்த பலகைகளை எல்லோரும் தாண்டித் தாண்டி ஏறப் பழகினார்கள்.

வேறு வீடு பார்க்க எங்களுக்கு வசதியில்லை. வாப்பா காலையில் எவ்வளவு கூடுதலாகச் சுமந்து ஊற்றினாலும் போதவில்லை. உம்மா அரை வாளியாகச் சுமக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்வேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில், டீச்சர் வீட்டு வாசலுக்கு எதிரே, அவள் வாளியை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிடுவாள். சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கழுத்து நரம்பு துடிப்பதை நான் வேடிக்கை பார்ப்பேன்.

“அந்தப் பெரியவர் தூணைப் பாத்துட்டு என்னா சொன்னாரு? சொல்லு புள்ள.”

நான் முதலிலிருந்து சொல்வேன். தார்ப்பாயை இழுத்தது, கயிற்றை அவிழ்த்தது, கிளாஸ்கோ, கப்பல், எல்லாவற்றையும். அவருடைய குரலிலேயே சொல்லிக் காட்டுவேன். எத்தனை தடவை கேட்டாலும் உம்மாவுக்கு அலுக்கவே இல்லை. நான் சீக்கிரம் முடித்துவிட்டால்தான் அவளுக்கு வருத்தம்.

“அவசரப்படாத. மெதுவாச் சொல்லு” என்பாள்.

அந்தக் கதை உம்மாவுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். நாளுக்கு நாள் புதிது புதிதாக எதையாவது சேர்த்து நீளமாகச் சொல்லப் பழகிக்கொண்டேன்.